அப்புறம் என்ன ஆனாள்?

கதை முடிந்தது, கத்தரிக்காய் காய்த்தது என்று சொன்னவுடன் எழுந்துபோய்ப் படுத்துக் கொள்கிறவர்கள் ஒரு ரகம். "அது சரி, அந்த மந்திரி மகள் என்ன ஆனாள்?" என்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறவர்கள் இன்னொரு ரகம். இந்த வாரக் கட்டுரை இரண்டாவது ரகத்தாருக்காக எழுதப்படுகிறது. முதல் ரகத்தாரும் படிக்கலாம். தூக்கம் கெட்டால் நாம் பொறுப்பல்ல.

நம் வீடுகளில் இப்போது கொரியத் தொடர்களுக்குப் பஞ்சமே இல்லை. அடுப்பில் குழம்பு கொதித்துக் கொண்டிருக்க, மேடைமேல் சாய்த்து வைத்த கைபேசியில் கொரிய ராஜகுமாரி கண்ணீர் விட்டுக் கொண்டிருக்கிறாள். அந்த நாட்டுச் சரித்திரத் தொடர்களில், வெளிநாடுகளிலெல்லாம் பேர் வாங்கியவற்றுக்கு மூத்த அக்காள் ஒருத்தி உண்டு. அதுதான் 'டே ஜாங் கும்'. 2003 செப்டம்பரில் தொடங்கி 2004 மார்ச் வரையில், கொரியாவின் எம்.பி.ஸி. நிறுவனம் திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையுமாக 54 பகுதிகள் ஒளிபரப்பியது. கதையை எழுதியவர் கிம் யங் ஹியன் என்ற பெண்மணி. இயக்கியவர் லீ பியுங் ஹூன். கதாநாயகியாக நடித்தவர் லீ யங் ஏ. 'டே' என்றதும் யாரையோ அதட்டுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். 'பெரிய' என்று அர்த்தம். ஜாங் கும் என்பது பெண்ணின் பெயர்.

கதை இதுதான். தாயை இழந்த ஒரு சிறுமி அரண்மனைச் சமையற்கட்டில் எடுபிடியாகச் சேருகிறாள். அபாரமான கைமணம் அவளுக்கு. ஆனால் சமையற்கட்டிலேயே சூழ்ச்சி இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்தப் பதவியைப் பிடித்துக் கொண்டிருக்கும் சோய் குடும்பத்தார் அவள் மேல் ராஜத்துரோகப் பழி சுமத்தித் தீவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அங்கே வைத்தியம் கற்றுக் கொண்டு, மருத்துவப் பெண்ணாக மறுபடியும் அரண்மனைக்கே வருகிறாள். பழியைத் துடைக்கிறாள். கடைசியில் ராஜாவுக்கே வைத்தியம் பார்க்கிறவளாகிறாள்.

இதைப் பார்த்து முடித்தவர்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் கேட்டுக் கொள்ளும் கேள்விகள் சில உண்டு. ஜாங் கும்மின் அப்பா என்ன ஆனார்? கும் யங் எங்கே போனாள்? இளவரசர் கதி என்ன? கடைசியில் ஜாங் கும் சுகமாக இருந்தாளா? ஆசிரியர் மறந்து போனாரா, அவசரத்தில் விட்டுவிட்டாரா, அல்லது வேண்டுமென்றே விட்டாரா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இன்னும் தொடரைப் பார்க்காதவர்கள், முடிவு தெரிந்துவிடும் என்ற பயமிருந்தால், இங்கேயே பக்கத்தைப் புரட்டிவிடுவது நல்லது.

★

முதலில் அப்பா.

அவர் அரண்மனைச் சேவகராக இருந்தவர். பட்டமிழந்த ராணி ஒருத்திக்கு 1482-ஆம் வருஷம் விஷம் கொடுத்து மரண தண்டனை நிறைவேற்றினார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். ராணிக்கு விஷம் கொடுத்தது கொரியச் சரித்திரத்தில் உண்மையாகவே நடந்த சம்பவம். அவளுடைய மகன் யோன்சான் பிற்பாடு ராஜாவாகி, 1504-இல் தாயின் சாவுக்குக் காரணமானவர்களைத் தேடித் தேடித் தீர்த்துக் கட்டியதும் உண்மை. அதனால் கதையில் இந்த அப்பா, கசாப்புக்காரர் வேஷத்தில், ஊராருக்குத் தாழ்ந்தவராக ஒளிந்து வாழ்கிறார். "எங்கப்பா ஒன்றும் கசாப்புக்காரர் இல்லை, ராஜாவின் சேவகர்!" என்று ஒரு நாள் ஊர் நடுவே கத்திவிடுகிறாள் சின்னஞ்சிறு ஜாங் கும். அவ்வளவுதான். பிடித்துக் கொண்டு போய்விடுகிறார்கள். அவருடைய கடைசி நேரத்தை நமக்குக் காட்டுவதில்லை. அதனால்தான், அவர் எங்கேயாவது தப்பிப் பிழைத்து, கடைசிப் பகுதியில் நரைத்த தாடியோடு வந்து மகளைக் கட்டிக் கொள்வார் என்று நம்மில் பலர் காத்துக் கொண்டிருந்தோம்.

வரவில்லை. ஆனால் இதை ஆசிரியையின் மறதி என்று சொல்ல முடியாது. முதல் பகுதியிலேயே ஒரு பெரியவர் இந்த மனிதருக்கு ஆரூடம் சொல்லிவிடுகிறார். மூன்று பெண்களால் உன் தலையெழுத்து முடிவாகும், மூன்றாமவளால் உனக்குச் சாவு, ஆனால் அவள் பலபேரைப் பிழைக்க வைப்பாள் என்பது அதன் சாரம். மூன்றாமவள் மகள்தான். அப்பா என்ன ஆனார் என்ற கேள்விக்கு, கேள்வி பிறப்பதற்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. அந்தச் சாவை நேரில் காட்டியிருந்தால், நாம் அழுதுவிட்டு மறந்திருப்போம். காட்டாததனால், ஒரு குழந்தை வாய் தவறிச் சொன்ன ஒரு வார்த்தையின் பாரம் 54 பகுதிகளிலும் கூடவே வருகிறது.

★

அடுத்தது கும் யங். எனக்கு அதிகமாக மனசில் நின்றவள் இவள்தான்.

இவள் சோய் வீட்டுப் பெண். சமையற்கட்டின் தலைமைப் பதவிக்காகவே பிறந்ததிலிருந்து தயார் செய்யப்பட்டவள். கெட்டிக்காரி. கௌரவம் பார்க்கிறவள். ஜாங் கும்மைக் காதலிக்கும் மின் ஜுங் ஹோ என்ற அதிகாரியை இவளும் சிறு வயதிலிருந்தே மனசில் வைத்திருக்கிறாள். அரண்மனைச் சமையற்கட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் கிடையாது என்பதும் அவளுக்குத் தெரியும். அத்தை சொல்கிற பாவங்களுக்கு முதலில் தயங்கி, பிறகு உடன்பட்டு, கடைசியில் தானே செய்கிற நிலைக்கு வருகிறாள்.

அத்தை சோய் அம்மாளின் கணக்கைத் தொடர் தீர்த்துவிடுகிறது. தப்பியோடியவள் மலையிலிருந்து விழுந்து சாகிறாள். மருமகளுக்கோ பதவி பறிபோகிறது. தன் குடும்பத்துக்காகவும் முழுதாக வாழவில்லை, தன் மனசுக்காகவும் முழுதாக வாழவில்லை என்று ஜாங் கும்மிடம் மனம் விட்டுப் பேசிவிட்டு அரண்மனையை விட்டுப் போகிறாள். அதற்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எந்த ஊரில் இருந்தாள், என்ன செய்து சாப்பிட்டாள், யார் முகத்தில் விழித்தாள், ஒன்றும் தெரியாது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். அந்தக் காலத்துக் கொரிய அரண்மனைப் பெண் ராஜாவின் சொத்து மாதிரி. சிறுமியாக உள்ளே போனவள், சாதாரணமாக வெளியே வருவது வயோதிகத்திலோ தீராத வியாதியிலோதான். அரண்மனைக்குள் சாகிற உரிமை அரச குடும்பத்தாருக்கு மட்டுமே உண்டு. சமைத்தவளும் தைத்தவளும் சாகக் கிடந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்படி வெளியே போன எத்தனையோ பேர் என்ன ஆனார்கள் என்பது எங்கும் எழுதப்படவில்லை. எழுதுகிறவருடைய வேலை வாசற்படியோடு முடிந்தது. கும் யங் வாசலைத் தாண்டியதும் தொடரும் அவளைப் பின்தொடராமல் நின்றுவிடுவது பார்க்கிற நமக்குக் குறைதான். ஆனால் அவளைப் போன்றவர்களுக்கு நிஜத்தில் நடந்ததும் அதுவேதான்.

★

மூன்றாவது, இளவரசர்.

தொடரின் கடைசிப் பகுதிகளில் ராணி முன்ஜோங், தன் வயிற்றில் பிறந்த பிள்ளை பட்டத்துக்கு வரவேண்டும் என்ற ஆசையில், மூத்தாள் மகனான இளவரசரை ஒழித்துக் கட்ட ஜாங் கும்மின் உதவியைக் கேட்கிறாள். வைத்தியம் செய்கிற கையால் அதைச் செய்ய மாட்டேன் என்று அவள் மறுத்துவிடுகிறாள். பிறகு கதை சில வருஷங்களைத் தாண்டிக் குதிக்கிறது. திரும்பிப் பார்த்தால் முன்ஜோங்கின் மகனே சிங்காதனத்தில் இருக்கிறான்! இளவரசர் எங்கே?

இது கொரியப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த சரித்திரம். அதனால் தொடரில் விளக்கவில்லை. நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். அந்த இளவரசர் 1544-இல் இன்ஜோங் என்ற பெயரில் பட்டத்துக்கு வந்தார். எட்டு ஒன்பது மாதங்கள்தான் ஆண்டார். 1545-இல் பிள்ளையில்லாமல் இறந்து போனார். மாற்றாந்தாய்தான் விஷம் வைத்தாள் என்ற பேச்சு இன்று வரை ஓயவில்லை. நிரூபித்தவர்களும் இல்லை. சிறு பையனான தம்பி ராஜாவாக, திரைக்குப் பின்னாலிருந்து ராஜ்யத்தை நடத்தியவள் முன்ஜோங்.

ஆக, மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக் கதைக்குள்ளேயே பதில் இருக்கிறது. ஒன்றுக்குச் சரித்திரப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. ஒன்றுக்குப் பதிலே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முடிச்சு அவிழ்ந்துவிட்டால் மட்டும் நமக்குத் திருப்தி வந்துவிடுகிறதா என்ன? ஜாங் கும்மின் குருவான ஹான் அம்மாளின் கதியில் எந்தச் சந்தேகமும் இல்லை. பொய்ப் பழி சுமந்து, தீவுக்குப் போகிற வழியில், சிஷ்யையின் முதுகிலேயே உயிர் விடுகிறாள். தொடர் ஓடிக் கொண்டிருந்தபோது, ஹான் அம்மாளைக் கொன்றுவிடாதீர்கள் என்று கொரியப் பார்வையாளர்கள் நிலையத்தாரிடம் மன்றாடினார்கள். ஆசிரியை அசைந்து கொடுக்கவில்லை. முடிவு தெரிந்தால் "ஏன் இப்படி முடித்தீர்கள்?" என்கிறோம். தெரியாவிட்டால் "ஏன் முடிக்கவில்லை?" என்கிறோம். தொடர்கதை எழுதுகிறவர்கள் பாடு பெரும்பாடுதான்.

★

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். ஜாங் கும் என்ன ஆனாள்?

தொடர் சொல்கிற முடிவு இது. ராஜா ஜுங்ஜோங் மரணப் படுக்கையில் இருக்கிறார். வயிற்றைக் கீறி வைத்தியம் பார்த்தால்தான் பிழைப்பார் என்கிறாள் ஜாங் கும். ராஜாவின் உடம்பில் கத்தியா! யாரும் சம்மதிக்கவில்லை. தாம் போன பிறகு இவளைச் சும்மா விட மாட்டார்கள் என்று தெரிந்த ராஜா, அவளைக் காதலனிடம் ரகசியமாக அனுப்பி வைத்துவிடுகிறார். புருஷனும் மனைவியுமாக, ஒரு பெண் குழந்தையோடு, ஊர் ஊராக ஒளிந்து வாழ்கிறார்கள். பிற்பாடு ராஜமாதாவான முன்ஜோங் மன்னித்து அழைக்கிறாள். ஜாங் கும் அரண்மனைக்குப் போய்ப் பழைய சிநேகிதிகளைப் பார்த்துவிட்டு, இங்கே இருக்க வேண்டாம் என்று திரும்பிவிடுகிறாள். கடைசியில் ஒரு குகையில், பிரசவிக்க முடியாமல் தவிக்கும் ஒரு பெண்ணின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கிறாள். ராஜாவுக்குச் செய்ய விடாத வைத்தியம் ஓர் ஏழைப் பெண்ணுக்குப் பலிக்கிறது. பிறகு அவர்கள் எங்கே போனார்கள்? தெரியாது.

இந்த முடிவு முழுக்க முழுக்க ஆசிரியையின் கற்பனை. மின் ஜுங் ஹோ கற்பனை. ஹான் அம்மாளும் சோய் அம்மாளும் கும் யங்கும் கற்பனை. ஜாங் கும் மட்டும் உண்மை. உண்மையான ஜாங் கும்மைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்தால்தான், இந்தத் தொடரில் இத்தனை நூல்கள் ஏன் அறுந்து தொங்குகின்றன என்பது விளங்கும்.

கொரியாவில் ஜோசன் வம்சத்து ராஜாக்களின் தினசரி நடவடிக்கைகளைப் பதிவு செய்த பெரிய சரித்திர ஏடு ஒன்று இருக்கிறது. 472 வருஷத்துச் சங்கதிகள், 888 புத்தகங்களில். 1997-இல் யுனெஸ்கோ இதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துக் கொண்டது. எழுதுகிறவர்கள் ராஜாவின் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுவார்கள். எழுதியதை ராஜாவே கேட்டாலும் காட்ட மாட்டார்கள். மழை, பூகம்பம், ராஜாவின் ஜலதோஷம், மந்திரிகளின் சண்டை எல்லாம் உண்டு. இவ்வளவு பெரிய ஏட்டில் ஜாங் கும் என்ற பெயர் வருவது ஏறக்குறைய 10 இடங்களில்தான்.

முதல் தடவை 1515-இல். ராணி ஜாங்யோங் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றுவிட்டுச் சில நாளில் இறந்து போனாள். பிரசவத்துக்குத் துணையிருந்த மருத்துவப் பெண் ஜாங் கும்மைத் தண்டிக்க வேண்டும் என்று அதிகாரிகள் பிடிவாதம் பிடித்தார்கள். பிரசவம் நல்லபடியாக நடந்ததற்கு அவளுக்குச் சன்மானமே கொடுத்திருக்க வேண்டும், ராணி போய்விட்ட துக்கத்தில் அது நடக்கவில்லை, கொடுக்காவிட்டாலும் போகிறது, அடிக்கவாவது வேண்டாம் என்ற பொருளில் பேசி, கசையடிக்குப் பதிலாக அபராதத்தோடு விட்டார் ராஜா. அந்தக் குழந்தை யார் தெரியுமா? தொடரில் ஆபத்துக்கு ஆளாகிறாரே அதே இளவரசர்தான். உண்மையான ஜாங் கும் அவருடைய பிரசவத்திலேயே துணையிருந்தவள்!

1522-இல் ராஜாவின் தாயாருக்கு உடம்பு தேறியபோது, இன்னொரு மருத்துவப் பெண்ணோடு இவளுக்கும் அரிசியும் மொச்சையும் அளந்து கொடுத்தார்கள். 1524-இல் ராஜா இவளுக்கு முழுச் சம்பளம் போடச் சொல்லுகிறார். காரணம், தன் கூட்டத்திலுள்ள மற்றவர்களைவிட இவள் வைத்தியத்தில் கொஞ்சம் தேவலை என்பது! பாராட்டைக்கூட ஆழாக்கில் அளந்துதான் கொடுத்திருக்கிறார். 'பெரிய' என்ற அடைமொழி அந்தக் குறிப்பிலேயே இருக்கிறது. அது பட்டமா, அல்லது அதே பெயருள்ள வேறொருத்தியிலிருந்து பிரித்துச் சொல்வதற்கா என்று பண்டிதர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஜாங் கும்மும் டே ஜாங் கும்மும் ஒருத்தியா, இரண்டு பேரா என்ற சந்தேகம்கூட உண்டு.

ஊர் பெயர் இல்லை. தாய் தகப்பன் பெயர் இல்லை. பிறந்த வருஷம் இல்லை. கல்யாணமானவளா என்பதும் இல்லை.

★

இப்படி ஏன் இருக்கிறது? மருத்துவப் பெண்கள் என்ற ஏற்பாடு பிறந்த கதையிலேயே காரணம் இருக்கிறது. ஆண் வைத்தியரிடம் கை நாடியைக்கூடக் காட்டக் கூச்சப்பட்டுப் பெரிய வீட்டுப் பெண்கள் பலர் வைத்தியமே இல்லாமல் இறந்தார்கள். அதற்குப் பரிகாரமாக 1406-இல் சில சிறுமிகளைப் பொறுக்கியெடுத்து நாடி பார்க்கவும் ஊசி குத்தி வைத்தியம் செய்யவும் கற்றுக் கொடுத்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்கள் அன்னியர் உடம்பைத் தொட்டுப் பார்க்க முன்வருவார்களா? ஆகவே அரசாங்கத்து அடிமைப் பெண்களிலிருந்தே சிறுமிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். படித்தாலும் அந்தஸ்து மாறவில்லை. யோன்சான் ராஜாவின் காலத்தில் இவர்களையே விருந்துகளில் ஆடவும் பாடவும் நிறுத்தினார்கள் என்றால் பார்த்துக் கொள்ளுங்கள்.

அப்படிப்பட்ட ஒருத்தியின் பெயர் சரித்திர ஏட்டில் ஏறுவது, அவள் ராஜ குடும்பத்தாரின் நாடியைத் தொட்டுக் கொண்டிருக்கும் வரையில்தான். கையை எடுத்தவுடன் பெயரும் போய்விடுகிறது. அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, யாருக்காக அழுதாள் என்று எழுதுவதற்கு அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

1544-இல் ஜுங்ஜோங் படுத்த படுக்கையானார். மலச்சிக்கலால் அவதி. உடம்பு எப்படி இருக்கிறது என்று மந்திரிகள் கேட்டபோது, என் நோய் அந்த மருத்துவப் பெண்ணுக்குத் தெரியும் என்ற பொருளில் பதில் சொல்லியனுப்பினார். அந்த நாட்டுப் பஞ்சாங்கப்படி பத்தாவது மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, ஜாங் கும் உள்ளேயிருந்து வெளியே வந்து, அடைப்பு விலகிவிட்டது, ராஜாவுக்கு மிகவும் சுகமாக இருக்கிறது என்று தெரிவித்தாள். பதினைந்து நாளைக்கெல்லாம் ராஜா இறந்து போனார்.

அதற்குப் பிறகு ஜாங் கும் என்ற பெயர் அந்த ஏட்டில் இல்லை. ராஜா இறந்தால் வைத்தியர்களைத் தண்டிக்க வேண்டும் என்று குரல் எழுப்புகிற நாடு அது. அவளைத் தண்டித்தார்களா, வீட்டுக்கு அனுப்பினார்களா, கிழவியாகிச் செத்தாளா, ஒன்றும் தெரியாது. ஆசிரியை கிம் யங் ஹியனுக்கும் தெரியாது. தெரியாத இடத்தில்தான் அவர் ஒரு புருஷனையும், ஒரு பெண் குழந்தையையும், ஒரு குகையையும், ஒரு பிரசவத்தையும் வைத்தார். 1515-இல் ஒரு பிரசவத்துக்காகத் தண்டனை வாங்கப் பார்த்தவளுக்கு, கடைசியில் தாயும் குழந்தையும் பிழைக்கிற ஒரு பிரசவத்தைக் கொடுத்தார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

தொடரின் ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். சமையற்கட்டில் சேர்ந்த சிறுமியிடம் ஹான் அம்மாள் குடிக்கத் தண்ணீர் கேட்பாள். கொண்டு வந்தால், இது இல்லை என்று திருப்பி அனுப்புவாள். நாளுக்கு நாள் இதே கூத்து. கடைசியில் ஒரு நாள் சிறுமி தண்ணீரைக் கொடுப்பதற்கு முன்னால், "வயிறு வலிக்கிறதா? தொண்டை வலிக்கிறதா? இன்றைக்கு வயிறு சரியாகக் கழிந்ததா?" என்று கேட்பாள். அவளுடைய அம்மா அப்படிக் கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் கொடுப்பாளாம். ஹான் அம்மாளின் முகம் மலரும். ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுப்பதற்கும் குடிக்கிறவரைத் தெரிந்து கொள்ள வேண்டும் என்பதுதான் பாடம்.

காட்சி கற்பனைதான். ஆனால் அந்தச் சிறுமி கேட்ட கேள்வியையும், உண்மையான ஜாங் கும்மைப் பற்றிச் சரித்திரம் கடைசியாக எழுதி வைத்த குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நோயாளிக்கு வயிற்றுச் சங்கடம் தீர்ந்ததா என்பதுதான் இரண்டிலும் விஷயம். அவள் என்ன ஆனாள் என்று நமக்குச் சொல்ல ஆளில்லை. கடைசியாக நாம் பார்த்தபோது அவள் தன் வேலையைத்தான் செய்து கொண்டிருந்தாள் என்பது மட்டும் தெரிகிறது.